வக்கீல் வாதமும் நீதிபதி முடிவும்

வழக்கை வெல்வது வக்கீலின் வாதமா, வழக்கு எந்த பெஞ்சுக்குப் போகிறது என்பதா? நீதிமன்ற வளாகத்தில் இதற்கு ஒரே வாயில் இரண்டு பதிலும் கிடைக்கும். வாதத்தை நம்புவதால்தான் கட்சிக்காரர் நிலத்தை அடகு வைத்தாவது பெரிய சீனியரைப் பிடிக்கிறார். பெஞ்சை நம்புவதால்தான் லிஸ்ட் வந்ததும் அதே கட்சிக்காரர் "யார் முன்னாடி வருது?" என்று ஜூனியரைத் துளைக்கிறார். சட்ட அறிஞர்களும் இந்த இரு நம்பிக்கைகளுக்கு இடையில்தான் நூறாண்டாக நின்றுகொண்டிருக்கிறார்கள். அவர்கள் கையாளும் சொற்கள் மட்டும் கனமானவை.

இந்தக் கேள்விக்கு இதுவரை சொல்லப்பட்ட பதில்களையும், அவை எங்கே வலுவிழக்கின்றன என்பதையும், இந்திய உச்ச நீதிமன்றத்தின் சில பெரிய வழக்குகளையும் சென்னையின் ஒரு பழைய கொலை வழக்கையும் முன்வைத்துப் பார்க்கலாம்.

வாய்மொழி மரபு

ஆங்கிலேயர் இங்கே விட்டுச்சென்ற நீதிமுறையில் நீதிபதி தாமாகப் போய் உண்மையைத் தோண்டுவதில்லை. இரு தரப்பும் கொண்டுவந்து வைப்பதைக் கேட்டு, அதற்குள் முடிவு செய்கிறார். இந்த அமைப்பில் வாதம் அலங்காரப் பொருளல்ல, தீர்ப்புக்கான மூலப்பொருள். வாதிடப்படாத ஒரு விஷயத்தை வைத்து வழக்கை முடிப்பது முறையல்ல என்ற எண்ணம் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றங்களில் ஆழமாக ஊறியது. ஆலன் பேட்டர்சன் 1982இல் வெளியிட்ட, சட்டப் பிரபுக்கள் (லா லார்ட்ஸ்) எனப்பட்ட அங்கத்திய உச்ச நீதிபதிகள் பற்றிய நூல் இந்த நம்பிக்கையை நேரடியாகச் சோதித்தது. நீதிபதிகளையும் வழக்கறிஞர்களையும் அவர் நேர்கண்டு எழுதினார். தீர்ப்பு என்பது வழக்கறிஞரோடும் சக நீதிபதிகளோடும் நடக்கும் உரையாடலில் உருவாவது என்பது அவர் காட்டும் சித்திரம்.

அமெரிக்கா வேறு வழியில் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கும் பெரிய வழக்குகளில் நாள்கணக்கில் பேசினார்கள். 1849இல் இரண்டு மணி நேரம், 1925இல் ஒரு மணி, 1970இல் அரை மணி என்று ஒரு தரப்புக்கான நேரம் சுருங்கியது. எழுத்து வாதம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இந்தியா வாய்மொழியை விடவில்லை. ஆதார் வழக்கு 38 நாள், அயோத்தி வழக்கு 40 நாள் நடந்தன. அயோத்தி வழக்கில் தொண்ணூறு வயதைத் தொட்டுக் கடந்த ஸ்ரீரங்கத்துக்காரர் கே.பராசரன் ஒரு பக்கமும் ராஜீவ் தவன் மறுபக்கமும் வாதாடினார்கள். உட்கார்ந்து பேசலாமே என்று நீதிபதிகள் சொல்லியும் நின்றபடியே பேசுவதுதான் மரபு என்று பராசரன் நின்றார் என அன்றைய செய்திகள் பதிவு செய்தன. ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தந்த அந்தத் தீர்ப்பில் எழுதியவர் பெயர் இல்லை. 40 நாள் வாதத்தில் எது யாருடைய மனத்தைத் தொட்டது என்று அதை வைத்துச் சொல்ல வழியில்லை.

கேசவானந்தா: ஓர் எண்ணம் நடந்த தூரம்

வாதத்தின் வலிமைக்குச் சாட்சியாக எல்லோரும் கைகாட்டுவது கேசவானந்த பாரதி வழக்கை. காசர்கோட்டை அடுத்த எடநீர் மடத்தின் தலைவர் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் போட்ட மனு அது. 13 நீதிபதிகள், 68 நாள் விசாரணை, 11 தனித்தனித் தீர்ப்புகள். 1973 ஏப்ரல் 24 அன்று, ஏழுக்கு ஆறு என்ற கணக்கில், நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்கலாகாது என்று முடிவானது. மனுதாரர் தரப்பில் நானி பால்கிவாலா, கேரள அரசுக்கு எச்.எம்.சீர்வை, மத்திய அரசுக்கு அட்டர்னி ஜெனரல் நிரேன் டே.

அந்த எண்ணம் எப்படி நீதிமன்றத்துக்குள் நுழைந்தது என்பதைப் பார்த்தால்தான் வாதத்தின் வேலை புரியும். 1965 பிப்ரவரியில் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தின் டீட்ரிஷ் கான்ராட் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கு எழுதப்படாத எல்லை உண்டா என்பது பொருள். ஹிட்லர் காலத்தைப் பார்த்த நாட்டிலிருந்து வந்தவர் கேட்ட கேள்விகள் கூர்மையானவை. உயிர்வாழும் உரிமையைத் திருத்தத்தால் நீக்க முடியுமா? முகலாயப் பேரரசரின் ஆட்சியைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? இந்தியாவைத் தமிழ்நாடு என்றும் மீதி இந்துஸ்தானம் என்றும் இரண்டாகப் பிரிக்க முடியுமா? கடைசிக் கேள்வி அந்த வருடத்தில் வெறும் கற்பனையாக ஒலித்திருக்காது. சென்னை மாநிலத்தில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் அப்போதுதான் கொழுந்துவிட்டிருந்தது.

அந்தச் சொற்பொழிவின் கருத்துகள் எம்.கே.நம்பியார் கையில் வந்தன. மங்களூரில் தொழில் தொடங்கிச் சென்னை பாரில் பெயர் பெற்றவர் அவர். 1967இல் கோலக்நாத் வழக்கில் அவற்றை உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தார். வாதத்தில் வலு இருக்கிறது, ஆனால் இந்த வழக்கை முடிக்க அது தேவையில்லை என்று சொல்லி நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது. ஆறு ஆண்டு கழித்துக் கேசவானந்தாவில் நீதிபதி எச்.ஆர்.கன்னா கான்ராட்டின் கருத்தை எடுத்துக்காட்டியே எழுதினார். ஏழு பேரின் பக்கத்தை நிறுத்தியது கன்னாவின் தீர்ப்புதான்.

கன்னா எழுதியது இரு தரப்பும் கேட்டதை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடிப்படை உரிமைகளின் சாரத்தை நாடாளுமன்றம் தொடவே கூடாது என்றார் பால்கிவாலா. திருத்தும் அதிகாரத்துக்கு எல்லையே இல்லை என்றார் சீர்வை. எந்த உரிமையையும் திருத்தலாம், கட்டமைப்பு மட்டும் குலையக்கூடாது என்றார் கன்னா. இருவரும் வாரக்கணக்கில் எதிரெதிர்த் திசையில் இழுத்ததால்தான் நடுவில் அப்படி ஓர் இடம் தெரிந்தது என்று வாதிட நியாயமுண்டு. மடத்தின் தலைவருக்கோ வழக்கினால் நடைமுறையில் பெரிய லாபம் ஏதும் கிடைக்கவில்லை. அவர் எதிர்த்த சட்டத்தைக் காத்த 29ஆவது திருத்தம் நின்றது.

பெஞ்சைப் பார் என்பவர்கள்

இதே வழக்கை எதிர்க்கட்சிச் சாட்சியாகவும் கூப்பிடலாம். சீர்வைக்கு உதவியாக இருந்த டி.ஆர்.அந்தியாருஜினா 2011இல் எழுதிய நூலும், அதற்கு முன் கிரான்வில் ஆஸ்டின் எழுதியதும் வேறு கதை சொல்கின்றன. அரசுக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே மூண்டிருந்த போரில் நீதிபதிகள் பலர் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்பது முதல் நாளே ஊகிக்கக்கூடியதாக இருந்தது என்பது அந்தக் கதை. தலைமை நீதிபதி சிக்ரி மறுநாள் ஓய்வு பெற இருந்தார். நேரமில்லாத அவசரத்தில் தீர்ப்புகள் எழுதப்பட்டன. பெரும்பான்மையின் முடிவு என்று ஒரு சுருக்கம் வைக்கப்பட்டபோது 13 பேரில் ஒன்பது பேர் கையெழுத்திட்டார்கள், நால்வர் மறுத்தார்கள். தீர்ப்பு வந்த சூட்டிலேயே ஷெலாட், ஹெக்டே, குரோவர் மூவரையும் தாண்டி, மறுத்தவர்களில் ஒருவரான ஏ.என்.ரே தலைமை நீதிபதியானார். யார் நாற்காலியில் உட்காருகிறார் என்பதுதான் முக்கியம் என்று அன்றைய அரசே நம்பியது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் வேண்டியதில்லை.

இந்தப் பார்வைக்குத் தத்துவ முன்னோர் அமெரிக்காவில் இருக்கிறார்கள். நீதிபதிக்கு முதலில் ஓர் உள்ளுணர்வு தட்டுகிறது, காரணங்கள் பிறகே தேடப்படுகின்றன என்று 1929இல் எழுதிய ஜோசப் ஹட்சிசன் தாமே ஒரு நீதிபதி. மறு ஆண்டே ஜெரோம் ஃபிராங்க் அதை ஒரு கோட்பாடாக விரித்தார். 1993இல் ஜெஃப்ரி சீகலும் ஹெரால்ட் ஸ்பேத்தும், நீதிபதியின் அரசியல் சாய்வைத் தெரிந்துகொண்டால் அவர் ஓட்டைப் பெரும்பாலும் கணித்துவிடலாம் என்று எண்களால் காட்ட முயன்றார்கள்.

இந்தப் பார்வையை அப்படியே இந்தியாவுக்குக் கொண்டுவருவதில் சிக்கல் உண்டு. அங்கே ஒன்பது நீதிபதிகளும் ஒன்றாக உட்காருகிறார்கள், ஆயுள் முழுக்க இருக்கிறார்கள், நியமித்த கட்சி எது என்பது ஊரறிந்தது. இங்கே 34 இடங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று பேராகப் பிரிந்து அமர்கிறார்கள், 65 வயதில் போய்விடுகிறார்கள். எந்த வழக்கு எந்த பெஞ்சுக்கு என்பதைத் தலைமை நீதிபதி தீர்மானிக்கிறார். அதனால் இந்தியாவில் பெஞ்ச் பற்றிய கேள்வி நீதிபதியின் மனம் பற்றியது மட்டுமல்ல, ரோஸ்டர் பற்றியதும்தான். 2018 ஜனவரி 12 அன்று நான்கு மூத்த நீதிபதிகள் பத்திரிகையாளர்களைக் கூட்டிக் குறைபட்டது இதைப் பற்றியே.

இரண்டு விசாரணைகள்

வாதம் ஒரு பெஞ்சையே கலைத்ததாகச் சொல்லப்படும் சம்பவம் 1975 நவம்பரில் நடந்தது. அவசரநிலை அமலில் இருந்தது. கேசவானந்தா தீர்ப்பை மறுபரிசீலனை செய்யத் தலைமை நீதிபதி ரே 13 நீதிபதிகளைக் கூட்டினார். மறுஆய்வு மனு என்று எதுவும் போடப்படவில்லையே, யார் கேட்டு இது நடக்கிறது என்ற கேள்வி எழுந்தது. தமிழ்நாடு கேட்டது என்றார் ரே. தமிழ்நாட்டின் அட்வகேட் ஜெனரல் கோவிந்த் சுவாமிநாதன் உடனே எழுந்து, நாங்கள் கேட்கவே இல்லை என்று மறுத்தார் என விசாரணையைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். (கேப்டன் லட்சுமியின் அண்ணன் அவர். அந்தக் குடும்பத்துக்குக் குரல் தாழ்த்திப் பேசும் பழக்கம் இருந்ததாகத் தெரியவில்லை.) பால்கிவாலா இரண்டு நாள் பேசினார். மூன்றாம் நாள் காலை பெஞ்ச் கலைக்கப்படுவதாக ரே அறிவித்தார். அன்று பால்கிவாலா தொட்ட உயரத்தை உச்ச நீதிமன்ற வரலாற்றில் யாரும் தாண்டவில்லை என்ற பொருளில் கன்னா தம் சுயசரிதையில் எழுதினார்.

பேச்சு கலைத்ததா, கோவிந்த் சுவாமிநாதனின் ஒற்றை வரி மறுப்பு கலைத்ததா? அல்லது, கேட்டவர் யாருமில்லாத வழக்கை நடத்தச் சக நீதிபதிகளுக்கே இருந்த கூச்சமா? பிரித்துப் பார்க்க இன்று வழியில்லை. மூன்றும் சேர்ந்தே வேலை செய்திருக்கக்கூடும்.

ஒரே மாதத்துக்குப் பின் தொடங்கிய ஜபல்பூர் வழக்கில் வாதத்தின் கதி வேறு. அவசரநிலையில் சிறைவைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனு போட முடியுமா என்பது கேள்வி. ஒன்பது உயர் நீதிமன்றங்கள் முடியும் என்று சொல்லியிருந்தன. சாந்தி பூஷண், சோலி சொராப்ஜி போன்றவர்கள் கைதிகளுக்காக வாதாடினார்கள். விசாரணையின் நடுவே கன்னா அட்டர்னி ஜெனரலிடம் ஒரு கேள்வி கேட்டார். அரசியலமைப்பு உயிரையும்தான் பாதுகாக்கிறது, ஒரு போலீஸ் அதிகாரி பகை காரணமாக ஒருவரைக் கொன்றுவிட்டால் அப்போதும் நீதிமன்றத்தில் பரிகாரம் இல்லையா? தம் வாதத்தின்படி இல்லை, அது தம் மனசாட்சியையும் உறுத்துகிறது என்ற பொருளில் பதில் சொன்னார் நிரேன் டே. ஒரு வழக்கின் முழுக் கனத்தையும் ஒரே கேள்விபதிலில் வெளிக்கொண்டுவந்த தருணம் அது. மற்ற நான்கு நீதிபதிகளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். 1976 ஏப்ரல் 28 அன்று நால்வரும் அரசின் பக்கம் தீர்ப்பளித்தார்கள், கன்னா மட்டும் விலகி நின்றார். அந்த நால்வரில் ஒருவரான பி.என்.பகவதி முப்பத்தைந்து ஆண்டு கழித்துத் தம் முடிவு தவறு என்றார்.

அறிவார்ந்த வாதமும், எதிர்த்தரப்பு வக்கீலே தந்த அதிர்ச்சியான ஒப்புதலும், ஒன்பது உயர் நீதிமன்றத் தீர்ப்புகளும் சேர்ந்து ஓர் ஓட்டைக்கூட நகர்த்த முடியாமல் போன வழக்கு இது. வாதத்தின் பெருமை பேசும் எந்தக் கட்டுரையும் இதைத் தாண்டிப் போகக்கூடாது என்று நினைக்கிறேன்.

எண்ணிப் பார்த்தவர்கள்

அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஹாரி பிளாக்மன் ஒரு விசித்திரமான பழக்கம் வைத்திருந்தார். எதிரே பேசும் ஒவ்வொரு வக்கீலுக்கும் குறிப்பேட்டில் மார்க் போடுவார். அவர் மறைவுக்குப் பின் அந்தத் தாள்கள் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. ஜான்சன், வால்பெக், ஸ்பிரிக்ஸ் மூவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு அந்த மார்க்குகளையும் ஓட்டுகளையும் ஒப்பிட்டது. நீதிபதியின் சாய்வைக் கணக்கில் கழித்த பிறகும், நன்றாக வாதாடியவருக்கு ஓட்டு விழும் வாய்ப்பு கூடுகிறது என்றது. தமக்கு எதிரான சாய்வுள்ள நீதிபதிகளிடமும் ஓரளவு அப்படியே. குறை என்னவென்றால், மார்க் போட்டவர் ஒரே ஒரு நீதிபதி. யார் பக்கம் சாய்ந்திருந்தாரோ அவருக்கே கூடுதலாகப் போட்டிருக்கலாமே என்ற சந்தேகத்தை முழுக்கத் துடைக்க முடியாது. இன்னொரு பக்கம், எந்தத் தரப்பிடம் நீதிபதிகள் அதிகக் கேள்வி கேட்கிறார்களோ அந்தத் தரப்பு தோற்பதே வழக்கம் என்று ஜான் ராபர்ட்ஸ் தலைமை நீதிபதி ஆகும் முன் எண்ணிக் காட்டினார். அப்படியானால் மனம் முன்பே முடிவு கட்டிவிட்டது என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம்.

2011இல் உலகெங்கும் பேசப்பட்டது இஸ்ரேலிய ஆய்வு. பரோல் மனுக்களில் காலையில் சுமார் 65 விழுக்காடாக இருந்த சாதகமான முடிவு, சாப்பாட்டு இடைவேளை நெருங்க நெருங்க ஏறத்தாழ இல்லாமல் போய், சாப்பிட்டு வந்ததும் மீண்டும் ஏறுகிறது என்றது. நீதி என்பது நீதிபதியின் வயிறு என்று பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன. அதே ஆண்டில் வந்த மறுப்பை யாரும் அவ்வளவாகப் படிக்கவில்லை. மனுக்கள் சீட்டுக் குலுக்கி வரிசைப்படுத்தப்பட்டவை அல்ல, வக்கீல் இல்லாத கைதிகளின் மனுக்கள் இடைவேளைக்கு முந்தைய கடைசிப் பகுதியில் வருவது வழக்கம் என்று அது சுட்டிக்காட்டியது. பசியின் கணக்கில் எழுதப்பட்டதில் ஒரு பங்கு வக்கீல் இல்லாமையின் கணக்கில் சேர வேண்டியது. இந்த ஒரு திருத்தம் நம் கேள்விக்கு நாற்காலிக் கோட்பாட்டாளர்களின் பல நூல்களைவிடப் பயன்படுகிறது. பெரிய வக்கீலுக்கும் சுமாரான வக்கீலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். வக்கீல் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் அதைவிடப் பெரியதாக இருக்கலாம்.

பாகவதர் விடுதலை யாரால்?

குற்ற வழக்குகளில் வக்கீலின் நாவன்மை பற்றிய நம்பிக்கை இன்னும் உறுதியானது. தமிழ் சினிமாவின் கோர்ட் காட்சிகள் அதற்கு நிறையவே தண்ணீர் ஊற்றியிருக்கின்றன. தமிழ்நாட்டில் இதற்கு நிலையான உதாரணம் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்த மஞ்சள் பத்திரிகைக்காரரின் வழக்கில் எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டார்கள். ஜூரி வைத்து நடந்த விசாரணை அது. 1947இல் இருவரும் விடுதலையானார்கள். வி.எல்.எத்திராஜ் வாதாடி மீட்டார் என்பது ஊர் அறிந்த கதை, பொய்யும் அல்ல.

ஆனால் திருப்பம் நேர்ந்த இடம் வேறு. உயர் நீதிமன்றத்தின் முதல் மேல்முறையீட்டில் தண்டனை உறுதியானது. ஜூரி சொன்ன உண்மைகளை மேல்முறையீட்டில் எவ்வளவு தூரம் கிளறலாம் என்பதில் நீதிமன்றம் தன் கையைத் தானே கட்டிக்கொண்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 1943இல்தான் சேர்க்கப்பட்டிருந்த 411ஏ பிரிவு தரும் அதிகாரம் அதைவிட விரிவானது என்று லண்டன் பிரிவி கவுன்சில் கண்டு, வழக்கைத் திருப்பி அனுப்பியது. சாட்சியங்களை முழுதாக எடைபோட வழி திறந்த பிறகே எத்திராஜின் திறமைக்கு வேலை வந்தது. கதவு ஒரு வறண்ட சட்டப் புள்ளியால் திறந்தது. ஊர் நினைவில் நிற்பதோ உள்ளே போய்ப் பேசியவரின் பெயர்.

தோற்ற வாதத்தின் ஆயுள்

மேலே கண்ட எல்லாப் பார்வைகளும் ஒரு வழக்கின் வெற்றி தோல்வியை வைத்தே வாதத்தை அளக்கின்றன. அது போதாது என்பதற்கு நம்பியாரின் இன்னொரு வழக்கு சான்று. சென்னை மாகாண அரசு சிறைவைத்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலனுக்காக 1950இல் அவர் உச்ச நீதிமன்றத்தில் நின்றார். அரசியலமைப்பின் 19, 21, 22ஆம் பிரிவுகளைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பார்க்கக்கூடாது, ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கும் சட்டம் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பது வாதம். எதிரே எம்.சி.செதல்வாட். மே 19 அன்று வந்த தீர்ப்பில் தடுப்புக்காவல் சட்டத்தின் 14ஆம் பிரிவு மட்டும் விழுந்தது, கோபாலன் சிறையிலேயே இருந்தார். பிரிவுகளைச் சேர்த்துப் படித்தவர் ஆறு நீதிபதிகளில் ஃபசல் அலி ஒருவரே.

இருபது ஆண்டு கழித்து வங்கி தேசியமயமாக்கல் வழக்கில் பெட்டிகள் உடைந்தன. 1978இல் மேனகா காந்தி வழக்கில் நம்பியார் சொன்னது சட்டமானது. அந்தத் திருப்பங்களுக்கு பெஞ்சும் காரணம், அவசரநிலையின் கசப்பும் காரணம். ஆனால் நீதிபதிகள் மனம் மாறியபோது எடுத்துக்கொள்ள வாசகம் தயாராக இருந்தது. தோற்ற வாதமும் மாறுபட்ட தீர்ப்பும் சட்ட அறிக்கைகளில் தூங்குவதில்லை என்பதைத்தான் இது காட்டுகிறது. 2017இல் தனியுரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஜபல்பூர் தீர்ப்பைப் புதைத்தார்கள். புதைத்தவர்களில் டி.ஒய்.சந்திரசூட் அன்றைய நால்வரில் ஒருவரின் மகன். தனியுரிமை அடிப்படை உரிமை அல்ல என்று அரசுக்காக வாதாடிய கே.கே.வேணுகோபால், நம்பியாரின் மகன். சீர்வைகூடப் பின்னாளில் தம் நூலில் அடிப்படைக் கட்டமைப்பை ஏற்றுக்கொண்டார். தாம் எதிர்த்து வாதாடிய கருத்து, நீதிமன்றத்தில் அல்ல, அவசரநிலையைப் பார்த்தபின் அவரை வென்றது.

ஆக, பெரிய அரசியலமைப்பு வழக்குகளில் யார் வெல்கிறார் என்பதில் வாதத்தின் பங்கு நம்பப்படுவதைவிடச் சிறியது, எந்தக் காரணத்தால் வெல்கிறார் என்பதில் அதன் பங்கு நினைப்பதைவிடப் பெரியது என்று கொள்ளத் தோன்றுகிறது. அடுத்த வழக்குக்கு முன்னுதாரணமாகப் போய்ச் சேர்வது காரணம்தான்.

இன்னும் தீராதவை

இந்த மதிப்பீட்டையும் சந்தேகத்தோடுதான் வைக்க வேண்டியிருக்கிறது. பெரிய வழக்குகள் விதிவிலக்குகள். உச்ச நீதிமன்றத்தின் அன்றாட வேலை சிறப்பு அனுமதி மனுக்கள். நீண்ட காலம் திங்களும் வெள்ளியும் அவற்றுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தன. சில நிமிடங்களில் அனுமதியா, தள்ளுபடியா என்று முடிந்துவிடும் அந்த மனுக்களில் வாதத்துக்கு எவ்வளவு இடம், வக்கீலின் முகத்துக்கு எவ்வளவு இடம் என்பது பாரில் ஓயாமல் பேசப்படுகிறது, ஆனால் உறுதியாக அளக்கப்படவில்லை. கீழமை நீதிமன்றங்களில் நிலைமை இன்னும் இருட்டு. அங்கே தீர்ப்பை நகர்த்துவது இறுதி வாதமா, குறுக்கு விசாரணையா, வாய்தா மேல் வாய்தாவில் சாட்சி களைத்துப்போவதா என்பதற்கு யார் சொல்லும் பதிலும் அனுபவத்தைச் சார்ந்ததே.

சான்றுகளின் நிலையும் கவலைக்குரியது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1955 முதல் வாதங்களை ஒலிப்பதிவு செய்கிறது. இந்தியாவில் கேசவானந்தாவின் 68 நாளுக்கோ, 1975 நவம்பரின் இரண்டு நாளுக்கோ பொதுமக்கள் பார்க்கும்படியான அதிகாரபூர்வ வாதப் பதிவு இல்லை. நமக்குக் கிடைப்பது பங்கெடுத்தவர்களின் நினைவுக் குறிப்புகள். அந்தியாருஜினா ஒரு தரப்பின் வக்கீல், கன்னா பெரும்பான்மைப் பக்கத்து நீதிபதி. வக்கீல்களின் நினைவில் வாதம் சற்றுப் பெரிதாகவே தெரியும் என்பதை மறக்கலாகாது.

2022 செப்டம்பரில் அரசியலமைப்பு அமர்வுகளின் விசாரணை நேரலையானது. 2023 முதல் எழுத்து வடிவமும் வெளியாகத் தொடங்கியது. எந்த வாதம் தீர்ப்பின் எந்தப் பத்தியில் வந்து சேர்ந்தது, எது காணாமல் போனது என்று வரிக்கு வரி ஒப்பிட இப்போது முடியும். விசாரணை முடிந்து நீதிபதிகள் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள், வரைவு எத்தனை முறை மாறியது என்பதை மட்டும் அதில் பார்க்க முடியாது. பிளாக்மன் செய்ததுபோல் தம் குறிப்பேடுகளை ஆவணக் காப்பகத்துக்குத் தந்துவிட்டுப் போகும் வழக்கம் இந்திய நீதிபதிகளிடையே இன்னும் வேர்விடவில்லை.